25-ஆவது மாதம்: கன்சோலை மாதக் கட்டணத்தில் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

டிவியில் இணைத்து வீடியோ கேம் ஆடும் பெட்டியான விளையாட்டுக் கன்சோலைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அவற்றைச் சந்தாவோடு சேர்த்து மாதக் கட்டணத்தில் விற்கும் கடைகளுக்கும், அதற்குக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் வணக்கம்.

தவணைத் திட்டமே கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. கன்சோலின் முழு விலையையும் ஒரே நாளில் எடுத்து வைக்க எல்லோராலும் முடியாது. மாதச் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி இரண்டு வருடத்தில் கட்டி முடிப்பது அவர்களுக்கு நல்ல வழி. வட்டியும் இல்லையென்றால் மிக நல்ல வழி. ஆனால் பெரும்பாலும் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டு, பெரியவர் கையெழுத்துப் போட்டு வாங்கும் பொருள் இது. கையெழுத்துப் போடுகிறவருக்கு அந்தப் பெட்டியைப் பற்றி அதிகம் தெரியாது. பெட்டியைப் பற்றி எல்லாம் தெரிந்த பிள்ளைக்கு ஒப்பந்தம் புரியாது. எனவே கையெழுத்துக்கு முன்பே ஒரு கேள்விக்கு நீங்கள் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்கிறேன். 24 மாதமும் தவறாமல் கட்டியவரின் கையில் 25-ஆவது மாதம் என்ன இருக்கும்?

இந்த முறை புதிதல்ல. 2012 மே மாதம் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கடைகளில், உடலசைவை உணரும் கினெக்ட் கருவியோடு கூடிய எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலை 99 டாலருக்குத் தந்தது. ஒரு நிபந்தனை: இரண்டு வருடத்துக்கு மாதம் 14.99 டாலர் கட்டி, இணையத்தில் மற்றவர்களோடு ஆடுவதற்கான எக்ஸ்பாக்ஸ் லைவ் கோல்டு சந்தாவில் இருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 459 டாலர். அதே கன்சோலையும் இரண்டு வருட கோல்டு சந்தாவையும் அன்றைய விலையில் தனித்தனியாக வாங்கியிருந்தால் சுமார் 420 டாலர்தான். அந்த 40 டாலர் வித்தியாசம், கையில் மொத்தப் பணம் இல்லாததற்காக ஒருவர் கொடுத்த விலை. கைப்பேசிகளை நெட்வொர்க் நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் விற்கும் அதே முறைதான் இங்கே கன்சோலுக்கும் வந்து சேர்ந்தது.

2018-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் ஆல் ஆக்சஸ் என்ற தவணைத் திட்டம் இதைவிட நேர்மையான கணக்கு. 2020 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் வெளிவந்தபோது அமெரிக்காவில் அந்தத் திட்டத்தில் மாதம் 34.99, 24.99 டாலர் என்று விலை வைத்தார்கள். 24 மாதம், வட்டி இல்லை, நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை ஆடத் தரும் கேம் பாஸ் அல்டிமேட் சந்தாவும் சேர்த்து. சீரிஸ் எக்ஸுக்கு மொத்தம் 839.76 டாலர். 499.99 டாலர் கன்சோலையும் மாதம் 14.99 டாலர் சந்தாவையும் தனியாக வாங்கினால் 859.75. சீரிஸ் எஸ்ஸுக்கு 599.76, தனியாக வாங்கினால் 659.75. ஒப்பந்தத்தில் வந்தவருக்கு முதலதில் 20 டாலரும் இரண்டாவதில் 60 டாலரும் மிச்சம். தவணைக்காரருக்கு விலை குறைவு என்பது எந்தப் பொருளிலும் அபூர்வம். அதை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனாலும் அந்த 599.76 டாலரை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். சீரிஸ் எஸ் கன்சோலின் கடை விலை 299.99. ஆக, இரண்டு வருடமாகக் கட்டிய பணத்தில் சரிபாதிதான் பெட்டிக்குப் போனது. மறுபாதி, விளையாட்டுகளை அந்த இரண்டு வருடம் ஆடிப் பார்க்கும் அனுமதிக்குப் போனது. கெடு முடிந்ததும் அந்த அனுமதியும் முடிந்துவிடுகிறது. வாங்கியவரோ கன்சோலும் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளும் தன்னுடையவை என்ற நினைப்பில் கட்டிக்கொண்டிருப்பார். விளம்பரம் அப்படி நினைக்க வைக்கிறது, அப்படி நினைக்காதே என்று எங்கும் சொல்வதில்லை.

சந்தா நின்ற மறுநாள் அந்தத் திரை எப்படி இருக்கும் என்று பார்த்தால் விஷயம் புரியும். விளையாட்டுகளின் படங்கள் வரிசையாக அப்படியே இருக்கும். ஒவ்வொன்றும் பல கிகாபைட் இறக்கி, சேமிப்பில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எந்தக் கட்டம் வரை ஆடினோம் என்ற பதிவும் பத்திரமாக இருக்கும். பொத்தானை அழுத்தினால் விளையாட்டு திறக்காது. சந்தாவைப் புதுப்பியுங்கள் அல்லது இந்த விளையாட்டை விலைக்கு வாங்குங்கள் என்று ஓர் அறிவிப்பு வரும். அதில் இன்னொரு வேதனையும் உண்டு. சந்தாவில் வந்த விளையாட்டுக்குக் கூடுதல் அத்தியாயம், புதுப் பாத்திரம் என்று சொந்தக் காசு போட்டுச் சிலவற்றை வாங்கியிருப்பார்கள். அவை கணக்கில் என்றும் இருக்கும். மூல விளையாட்டு கையை விட்டுப் போனதால் அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு வருடம் தவறாமல் பணம் கட்டியவருக்கு இதை முன்கூட்டியே சொல்லாமல் இருப்பது நியாயமா?

சோனியின் பிளேஸ்டேஷன் கன்சோல் பக்கமும் இதே கதைதான். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவில் மாதாமாதம் எடுத்து வைத்த விளையாட்டுகள், சந்தா நின்றதும் பூட்டப்படும். அதோடு, சொந்தப் பணத்தில் வாங்கிய விளையாட்டையே நண்பர்களோடு இணையத்தில் சேர்ந்து ஆட வேண்டுமென்றாலும் இரண்டு நிறுவனங்களின் கன்சோல்களிலும் பெரும்பாலும் சந்தா வேண்டும். அதாவது தவணை முடிந்தாலும் செலவு முடிவதில்லை. எவ்வளவு செலவு என்பதும் நிலையாக இருப்பதில்லை. கேம் பாஸ் அல்டிமேட் 2020-இல் மாதம் 14.99 டாலர். 2023-இல் 16.99, 2024-இல் 19.99, 2025 அக்டோபரில் 29.99. ஐந்து வருடத்துக்குள் இரட்டிப்பு. அந்த 29.99 டாலர் விலையில் இரண்டு வருடம் கட்டினால் 719.76 டாலர். சீரிஸ் எக்ஸ் கன்சோல் வெளிவந்த நாளில் அதன் முழு விலையே 500 டாலர்தான். பிளேஸ்டேஷன் பிளஸ்ஸின் அடிப்படை வருடச் சந்தாவும் 2023 செப்டம்பரில் 59.99-இலிருந்து 79.99 டாலர் ஆனது.

ஒப்பந்தக் காலம் முழுக்க விலை ஏறாமல் இருந்தது ஆல் ஆக்சஸ் திட்டத்தின் நல்ல குணம், மறுக்கவில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒரு குழந்தை இரண்டு வருடம் ஒரு விளையாட்டு உலகத்துக்குள் வாழ்ந்து பழகியிருக்கும். நண்பர்கள் அங்கே இருப்பார்கள், கட்டிய வீடும் சேர்த்த ஆயுதமும் அங்கே இருக்கும். 25-ஆவது மாதம் அன்றைய விலை எதுவோ அதைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் பெற்றவர்கள் நிற்பார்கள். அந்த வயதில் வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று வீட்டில் பிள்ளை உள்ள எவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

விளையாட்டு டிஸ்கைப் போட்டு ஆடும் பகுதியான டிஸ்க் டிரைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில்தான் எனக்கு மனத்தாங்கல் அதிகம். திட்டங்களிலேயே மிகக் குறைந்த மாதக் கட்டணம் எதற்கு என்று பார்த்தால், அது பெரும்பாலும் டிஸ்க் டிரைவ் இல்லாத கன்சோலாகவே இருக்கிறது. சீரிஸ் எஸ் அப்படிப்பட்டதுதான். பணம் குறைவாக உள்ளவர் இயல்பாக அதைத்தான் தேர்ந்தெடுப்பார். ஆனால் பணம் குறைவாக உள்ளவருக்குத்தான் டிஸ்க் மிகவும் தேவை. பழைய டிஸ்கைப் பாதி விலைக்கு வாங்கலாம். ஆடி முடித்ததை விற்று அடுத்ததை வாங்கலாம். நண்பனிடம் ஒரு வாரத்துக்கு இரவல் கேட்கலாம், அண்ணன் ஆடி முடித்ததைத் தம்பி தன் கன்சோலில் போட்டு ஆடலாம். டிரைவ் இல்லாத கன்சோலில் இந்த வழி எல்லாமே அடைபட்டுப் போகிறது. விளையாட்டு வாங்கப் பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்த இணையக் கடைதான் மிஞ்சும். அது வைத்ததுதான் விலை, தள்ளுபடியும் அது கொடுக்கும்போதுதான். நூறு கிகாபைட்டைத் தாண்டும் விளையாட்டுகள் இன்று சாதாரணம் என்பதால், இறக்குவதற்கு நல்ல இணைய இணைப்பும் வேண்டும். அதற்கும் மாதக் கட்டணம் தனி. முதல் நாளில் மாதம் பத்து டாலர் குறைவு என்று தோன்றியது, சந்தா நின்ற பிறகு வருடக்கணக்கில் கூடுதல் செலவாகத் திரும்பி வருகிறது. மலிவான திட்டம் என்று இதைக் காட்டும் இடத்திலேயே, இதில் டிஸ்க் போட முடியாது, பழைய விளையாட்டு வாங்க முடியாது என்று இரண்டு வரி சொன்னால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

அடுத்தது வாரண்டி. எக்ஸ்பாக்ஸானாலும் பிளேஸ்டேஷனானாலும் அமெரிக்காவில் கன்சோலுக்கு நிறுவனம் தரும் வாரண்டி ஒரு வருடம். ஒப்பந்தம் இரண்டு வருடம். 13-ஆவது மாதத்தில் பெட்டி பழுதானால், ஓடாத பெட்டிக்கு இன்னும் பதினொரு தவணை கட்ட வேண்டும். பழுது பார்க்கும் செலவும் அவர் தலையில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் நுகர்பொருளுக்குக் குறைந்தது இரண்டு வருடச் சட்டப்பூர்வ உத்தரவாதம் உண்டு. அங்கேயும் இதே கன்சோலைத்தான் விற்கிறீர்கள். ஆகவே எவ்வளவு காலம் பணம் வாங்குகிறீர்களோ அவ்வளவு காலம் பெட்டி ஓடும் என்று பொறுப்பேற்பது உங்களால் முடியாத காரியம் இல்லை. கட்டணக் காலமும் வாரண்டிக் காலமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் பேரம் பேச இடமே இல்லை என்பது என் கருத்து.

இனி, நடுவில் நிறுத்த நினைப்பவரின் நிலை. கேம் பாஸைத் தனியாக மாதாமாதம் வாங்குபவர் எந்த மாதமும் நிறுத்தலாம். பரீட்சை வருகிறது, இரண்டு மாதம் வேண்டாம் என்று நிறுத்திவிட்டு விடுமுறையில் மறுபடியும் சேரலாம். கன்சோலோடு சேர்த்துக் கட்டிய ஒப்பந்தத்தில் வந்தவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஃபோர்ட்நைட் மட்டுமே ஆடும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அது இலவச விளையாட்டு. இன்று அதை ஆட எந்தச் சந்தாவும் தேவையில்லை. அந்தப் பிள்ளைக்காக ஒரு குடும்பம் 24 மாதமும் முழுச் சந்தாவைக் கட்டுகிறது. பெட்டிக்கு மட்டும் தவணை கட்டுகிறோம், சந்தா வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வழி இருந்திருந்தால் பாதிச் சுமை குறைந்திருக்கும். வேலை போன மாதத்திலும், உடம்பு சரியில்லாமல் படுத்த மாதத்திலும் இதே வழிதான் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும். பெட்டியின் கடனும் சேவையின் கட்டணமும் தனித்தனி வரியாக இருக்கட்டும். சேவையை எந்த மாதமும் விடலாம் என்று இருக்கட்டும். பெட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கூடாது.

விடுவதும் எளிதாக இருக்க வேண்டும். சேர்வதற்கு ஒரு நிமிடமும், விலகுவதற்குத் தொலைபேசியில் அரை மணி நேரக் காத்திருப்பும் என்பது எந்தத் துறைக்கும் அழகில்லை. ஜெர்மனியில் 2022 ஜூலை முதல், இணையத்தில் முடிவாகும் தொடர் ஒப்பந்தங்களை ரத்துசெய்ய அந்தத் தளத்திலேயே ஒரு பொத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் வர்த்தக ஆணையம் 2024 அக்டோபரில் இதே போன்ற விதியை இறுதி செய்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வரும் முன்பே, 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நடைமுறைக் காரணம் காட்டி அதை ரத்துசெய்துவிட்டது. சட்டம் வந்து கட்டாயப்படுத்தும் வரை காத்திருக்காதீர்கள். ஜெர்மனியில் வைக்கத் தெரிந்த பொத்தானை மற்ற நாடுகளிலும் வைக்கலாமே.

நிதி நிறுவனங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தவணை, வாடகை, வாடகை முடிவில் சொந்தம் ஆகிய மூன்றும் வேறு வேறு. தவணையில் கடைசிப் பணம் கட்டியதும் பொருள் வாங்கியவருடையது. வாடகையில் எவ்வளவு கட்டினாலும் கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது முறையில் சொந்தமாகும், ஆனால் அதற்குள் விலையைப் போல எத்தனை மடங்கு கட்டியிருப்பார் என்பதைக் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் மூன்றுக்கும் ஒரே முகம்தான்: பெரிய எழுத்தில் மாதத் தொகை, அதற்குக் கீழே கன்சோலின் படம். பிரிட்டனில் இந்த மூன்றாவது முறையில் கன்சோலும் டிவியும் துணி துவைக்கும் இயந்திரமும் வாங்கிய எளிய மக்கள் பொருளின் விலையைவிடப் பல மடங்கு கட்டி நொந்ததால்தான், 2019 ஏப்ரலில் அங்கே நிதி ஒழுங்குமுறை ஆணையம் வரம்பு வைத்தது: கடனுக்கான மொத்தச் செலவு பொருளின் விலையைத் தாண்டக் கூடாது. அதாவது 300 பவுண்டு பொருளுக்கு எல்லாம் சேர்த்து 600 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது. அந்த வரம்பே என் பார்வையில் மிகத் தாராளமானது. இதற்கும் மேலே போவதைத் தொழில் என்று சொல்லக் கூடாது. எந்த முறையானாலும், வாங்குபவர் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார் என்பது விளம்பரத்தின் முதல் வரியிலேயே தெரிய வேண்டும். வாடகையென்றால், 24 மாதத்துக்குப் பின் இதைத் திருப்பித் தர வேண்டும் என்று மாதத் தொகைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். கன்சோல் விற்பதில் உங்களில் சிலருக்கு லாபம் இல்லை. எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களை விற்றதில் ஒருபோதும் லாபம் வந்ததில்லை என்று 2021-இல், ஃபோர்ட்நைட்டை உருவாக்கிய எபிக் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி சாட்சி சொன்னார். ஒவ்வொரு கன்சோலுக்கும் 100 முதல் 200 டாலர் வரை தாங்கள் சுமப்பதாக 2022-இல் அன்றைய எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சர் சொன்னார். பெட்டியில் விட்டதை விளையாட்டு விற்பனையிலும் சந்தாவிலும் எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் சந்தாவைப் பெட்டியோடு கட்டிப்போட விரும்புகிறீர்கள். முன்பெல்லாம் வருடம் போகப் போகக் கன்சோல் விலை இறங்கும். பொறுத்திருந்தவருக்கு மலிவாகக் கிடைக்கும். இந்தத் தலைமுறையில் அது தலைகீழாகிவிட்டது. அமெரிக்காவில் சீரிஸ் எக்ஸ் 499.99-இல் தொடங்கி 2025 மே மாதம் 599.99, அதே அக்டோபரில் 649.99 ஆனது. பிளேஸ்டேஷன் 5-உம் 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏறியது. காத்திருந்தால் விலை குறையும் என்ற வழி மூடிவிட்டதால், இனி இன்னும் அதிகம் பேர் உங்கள் மாதத் திட்டத்துக்குத்தான் வருவார்கள். வேறு வழியில்லாமல் வருபவர்களிடம் கூடுதல் பொறுப்போடு நடந்துகொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இப்போது எழுதுகிறேன்.

இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டியவருக்கு ஏதாவது நிலையாக மிஞ்ச வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். சந்தாவில் ஆடியவற்றில் தனக்குப் பிடித்த சில விளையாட்டுகளை, கெடு முடியும்போது அவர் பெயருக்கே எழுதிக் கொடுங்கள். எத்தனை என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். மூன்றாக இருந்தாலும் போதும். விளையாட்டு உருவாக்கியவர்களுக்கு உரிய பங்கைக் கொடுத்து இதைச் செய்ய முடியும். தவணை ஒன்று தாமதமானால் தொலைவிலிருந்தே பெட்டியைப் பூட்டும் யோசனை எவருக்காவது இருந்தால், அதை இப்போதே கைவிடுங்கள். பாக்கியை வசூலிக்க வேறு முறைகள் உண்டு. பெட்டிக்குள் இருப்பது ஒரு பிள்ளையின் இரண்டு வருட உழைப்பு.

அடுத்த தலைமுறைக் கன்சோலை அறிவிக்கும் நாளில் மாதக் கட்டணத்தையும் சேர்த்தே அறிவிப்பீர்கள். அந்த அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே இவையும் இருக்கட்டும்: பெட்டிக்கு எவ்வளவு, சேவைக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, வாரண்டி எத்தனை மாதம், சேவையை நிறுத்தினால் எது ஓடும், எது ஓடாது. கெடு முடிவதற்கு ஒரு மாதம் முன்பு, சந்தாவை அன்றைய விலையில் தொடர விருப்பமா என்று கையெழுத்துப் போட்டவரிடம் கேளுங்கள். அவர் சரி என்று சொன்னால் மட்டும் பணம் எடுங்கள். பதில் வரவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
தவணைத் திட்டங்களைப் படித்துப் பார்த்துப் பெற்றோருக்கு விளக்கிச் சொல்லும் ஒரு விளையாட்டுப் பிரியர்